போர்க்கால மருத்துவமனையிலிருந்து சாந்திநிகேதன் வரை: செவிலியர் வேரா பிரிட்டைன் கடந்து வந்த பாதை

நான்கு ஆண்டுப் போரில் காதலரையும் ஒரே சகோதரரையும் நெருங்கிய நண்பர்கள் இருவரையும் பறிகொடுத்த ஓர் இளம்பெண், அதே போரில் எதிரிநாட்டு வீரர்களின் காயங்களுக்குக் கட்டுப் போட்டார். பின்னாளில் அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். அடுத்த உலகப் போர் மூண்டபோது, சொந்த நாட்டின் குண்டுவீச்சைக் கண்டித்துப் பழிச்சொல்லுக்கு ஆளானார். இந்தியா விடுதலை பெற்ற பின், காந்தியடிகளின் கனவோடு தொடர்புடைய ஒரு மாநாட்டில் பங்கேற்க இங்கு வந்தார். அவர் பெயர் வேரா பிரிட்டைன்.

முதல் உலகப் போர் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை போர் வீரர்களும் தளபதிகளும் எழுதியவை. அந்தப் போரை ஒரு பெண்ணின் பார்வையில், மருத்துவமனைப் படுக்கைகளின் ஓரத்திலிருந்து பதிவு செய்த நூல்களில் முதன்மையானதாக இன்றும் கருதப்படுவது வேரா எழுதிய தன்வரலாறு. அவருடைய வாழ்க்கையையும், போர் பற்றிய அவரது நிலைப்பாடு படிப்படியாக எவ்வாறு மாறியது என்பதையும் இந்தத் தொகுப்பு விளக்குகிறது.

ஆக்ஸ்போர்டு கனவும் போர் அறிவிப்பும்

வேரா பிரிட்டைன் 1893-ம் ஆண்டு டிசம்பர் 29-ம் தேதி, இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் உள்ள நியூகாசில்-அண்டர்-லைம் நகரில் பிறந்தார். தந்தை காகித ஆலை உரிமையாளர். வேராவுக்கு எட்வர்ட் என்ற ஒரே தம்பி. குடும்பம் பின்னர் டெர்பிஷயரில் உள்ள பக்ஸ்டன் நகரில் குடியேறியது.

வசதியான குடும்பத்துப் பெண்கள் பள்ளிப்படிப்பை முடித்து, நல்ல இடத்தில் திருமணம் செய்துகொள்வதே முறை என்று கருதப்பட்ட காலம் அது. தம்பி பல்கலைக்கழகம் செல்வது இயல்பானது என்றும், அக்காள் செல்வது தேவையற்ற செலவு என்றும் எண்ணப்பட்டது. அந்த எதிர்ப்பைத் தாண்டிப் படித்த வேரா, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் சோமர்வில் மகளிர் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம்பெற்றார். 1914 அக்டோபரில் அவர் ஆங்கில இலக்கியம் பயிலக் கல்லூரிக்குள் நுழைந்தார்.

ஆனால் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, ஆகஸ்ட் 4-ம் தேதி, பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்திருந்தது. எட்வர்டும், அவருடன் அப்பிங்காம் பள்ளியில் பயின்ற ரோலண்ட் லெய்டன், விக்டர் ரிச்சர்ட்சன் ஆகியோரும் ராணுவத்தில் சேர்ந்தனர். பயிற்சிக் காலத்தில் எட்வர்டுக்கு நண்பரான ஜெஃப்ரி தர்லோவும் பின்னர் இந்தக் குழுவில் இணைந்தார். ரோலண்டும் வேராவும் ஒருவரையொருவர் விரும்பினர். 1915 மார்ச் மாதம் ரோலண்ட் பிரான்ஸ் போர்முனைக்குச் சென்றார்.

நண்பர்கள் பதுங்குகுழிகளில் இருக்கும்போது நூலகத்தில் அமர்ந்து படிக்க மனம் ஒப்பாத வேரா, முதலாண்டு முடிவில் படிப்பை நிறுத்திவைத்து, 1915-ன் கோடையில் பக்ஸ்டன் மருத்துவமனை ஒன்றில் செவிலியர் பணியில் சேர்ந்தார். அவர் படித்த கல்லூரிக் கட்டடமும் அதே ஆண்டில் ராணுவ மருத்துவமனையாக மாற்றப்பட்டது.

தன்னார்வ உதவிப் பிரிவு என்பது என்ன?

வேரா சேர்ந்த அமைப்பு 'தன்னார்வ உதவிப் பிரிவு' எனப்படும். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைக் கொண்டு 'வி.ஏ.டி.' என்று அழைக்கப்பட்ட இது, 1909-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் அமைப்பும் இதற்கு ஆட்களைத் திரட்டிப் பயிற்சி அளித்தன. போர் மூண்டால், பயிற்சி பெற்ற செவிலியர்களுக்குத் துணையாகப் பணியாற்றப் பொதுமக்களை ஆயத்தம் செய்வதே இதன் நோக்கம்.

முதலுதவி, வீட்டு நோயாளர் பராமரிப்பு ஆகியவற்றில் சில வாரப் பயிற்சி பெற்ற பெண்கள் இதில் சேர்ந்தனர். இவர்களில் பலர், வீட்டில் ஒரு முட்டையைக்கூட வேகவைத்து அறியாத செல்வந்தர் வீட்டுப் பெண்கள். ராணுவ மருத்துவமனைகளில் இவர்களுக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு அளவில் சிறு ஊதியம் வழங்கப்பட்டது. தரையைத் துடைப்பது, படுக்கை விரிப்புகளை மாற்றுவது, நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, கருவிகளைக் கொதிநீரில் தூய்மை செய்வது எனத் தொடங்கிய பணி, போர் கடுமையானபோது புண்களைக் கழுவிக் கட்டுப் போடுவது வரை நீண்டது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத அந்நாளில் காயத்தில் சீழ் பிடிப்பதே உயிருக்குப் பெரும் ஆபத்தாக இருந்தது. எனவே நாள்தோறும் கட்டு மாற்றுவது, காயமுற்றவரின் உயிரைக் காக்கும் வேலையாக இருந்தது.

மூன்றாண்டு முறையான பயிற்சி பெற்ற செவிலியர்களுக்கும் இந்தத் தன்னார்வப் பெண்களுக்கும் இடையே உரசல்களும் இருந்தன. செவிலியர் தொழிலுக்கு அரசுப் பதிவும் அங்கீகாரமும் கோரிப் போராடி வந்தவர்கள், அரைகுறைப் பயிற்சியுடன் வந்தவர்களை ஐயத்துடன் பார்த்தனர். இதை வேராவும் தம் எழுத்தில் மறைக்கவில்லை.

பிரைட்டன் நகரில் காத்திருந்த கிறிஸ்துமஸ்

1915 ஆகஸ்டில் விடுப்பில் வந்த ரோலண்டுக்கும் வேராவுக்கும் திருமணம் உறுதியானது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வேரா, லண்டன் கேம்பர்வெல் பகுதியில் இருந்த முதலாவது லண்டன் பொது மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். கிறிஸ்துமஸ் விடுப்பில் ரோலண்ட் வருவதாக இருந்ததால், அவரை வரவேற்கத் தென்கடற்கரை நகரமான பிரைட்டனில் காத்திருந்தார்.

அதே பிரைட்டன் நகரின் புகழ்பெற்ற அரச மாளிகை, அந்நாட்களில் மேற்கு முனையில் காயமுற்ற இந்திய வீரர்களுக்கான மருத்துவமனையாக இயங்கி வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்தப் போரில் கடல் கடந்து பணியாற்றினர். அவர்களில் சுமார் 74,000 பேர் உயிரிழந்தனர். வேராவின் குடும்பத்துக்கு வந்தது போன்ற துயரச் செய்திகள், பஞ்சாப் முதல் சென்னை மாகாணம் வரையிலான ஊர்களுக்கும் சென்றுகொண்டிருந்தன.

டிசம்பர் 26-ம் தேதி வேராவுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. வந்து சேர்ந்துவிட்டார் என்ற செய்தியை எதிர்பார்த்து ஓடியவருக்கு, ரோலண்ட் மூன்று நாட்களுக்கு முன்பே இறந்துவிட்டார் என்ற தகவலே கிடைத்தது. டிசம்பர் 22-ம் தேதி இரவு முள்கம்பி வேலியைப் பார்வையிடச் சென்றபோது சுடப்பட்ட அவர், மறுநாள் லூவன்கூர் சிற்றூரில் உயிரிழந்தார். அவருக்கு வயது 20.

சில வாரங்கள் கழித்து அவர் அணிந்திருந்த சீருடை குடும்பத்தாரிடம் அனுப்பப்பட்டது. இரத்தமும் சேறும் படிந்து, போர்க்களத்தின் நாற்றத்தோடு வந்த அந்தத் துணிகளைப் பார்த்த நொடியில், வீரமரணம் என்ற சொல்லுக்கும் உண்மைக்கும் இடையிலான தொலைவை வேரா உணர்ந்தார். பின்னாளில் அவர் எழுதிய நூலில், வாசகர்களை மிகவும் உலுக்கிய பகுதிகளில் அதுவும் ஒன்று.

ஒருவர் பின் ஒருவராக

1916 ஜூலை 1-ம் தேதி சோம் போர் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரிட்டன் தரப்பில் 57,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 19,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று காயமடைந்தவர்களில் எட்வர்டும் ஒருவர். சில நாட்களில் அவர் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டது, தற்செயலாக, அக்காள் பணியாற்றிய அதே கேம்பர்வெல் மருத்துவமனைக்கு. அன்றைய துணிவுக்காக எட்வர்டுக்கு 'மிலிட்டரி கிராஸ்' பதக்கம் வழங்கப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் வேரா, மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவுக்கு அனுப்பப்பட்டார். அவர் பயணம் செய்தது 'டைட்டானிக்' கப்பலின் உடன்பிறப்பான 'பிரிட்டானிக்' மருத்துவக் கப்பலில். அந்தக் கப்பல் இரண்டே மாதங்களில் ஏஜியன் கடலில் மூழ்கியது.

1917 ஏப்ரலில், ஆராஸ் போரில் விக்டர் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். அதே மாதம் 23-ம் தேதி ஜெஃப்ரி கொல்லப்பட்டார். பார்வையிழந்த விக்டரைத் திருமணம் செய்து வாழ்நாள் முழுவதும் அவருக்குத் துணையிருப்பது என்ற முடிவுடன் வேரா மால்டாவிலிருந்து லண்டன் திரும்பினார். ஆனால் ஜூன் 9-ம் தேதி விக்டரும் மருத்துவமனையிலேயே உயிரிழந்தார்.

எதிரிகளின் வார்டில்

1917 ஆகஸ்டில், பிரான்ஸ் கடற்கரையை ஒட்டிய எடாப்பிள் நகரில் இருந்த 24-வது பொது மருத்துவமனைக்கு வேரா மாற்றப்பட்டார். ரயில் பாதையை ஒட்டி, கூடாரங்களும் தற்காலிகக் குடில்களுமாக விரிந்திருந்த மாபெரும் ராணுவ முகாம் அது. அங்கு அவருக்கு முதலில் ஒதுக்கப்பட்ட பணி, கடுமையாகக் காயமடைந்த ஜெர்மன் போர்க்கைதிகளின் வார்டில்.

காதலரையும் நண்பர்களையும் கொன்ற படையைச் சேர்ந்தவர்களின் காயங்களைக் கழுவ வேண்டிய நிலை. சில மைல்களுக்கு அப்பால் தம்பி எட்வர்ட் ஜெர்மானியர்களைக் கொல்லும் பணியில் இருக்க, இங்கே அக்காள் அவர்களைப் பிழைக்கவைக்கப் போராடினார். வலியில் கதறுவதிலும், சாகும் தறுவாயில் ஒரு கையைப் பற்றிக்கொள்ளத் துடிப்பதிலும் எதிரிக்கும் தம் நாட்டவருக்கும் வேறுபாடு இல்லை என்பதை வேரா கண்டார். போர் குறித்த அவரது பிற்கால நிலைப்பாட்டுக்கு வித்திட்டது இந்த வார்டுதான் என்பது, அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் ஏற்கும் கருத்து.

அந்த ஆண்டில்தான் போர்முனையில் கடுகு வாயு அறிமுகமானது. தோலில் பெருங்கொப்புளங்களோடும், ஒட்டிக்கொண்ட இமைகளோடும், மூச்சுவிட முடியாமல் திணறியபடியும் வந்த வீரர்களை அவர் பராமரித்தார். போரைப் புனிதமானது என்று வீட்டிலிருந்தபடி பேசுபவர்கள் இந்த நோயாளிகளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற பொருளில் தாய்க்குக் கடிதம் எழுதினார்.

1918 மார்ச்சில் ஜெர்மனி தொடுத்த பெருந்தாக்குதலின்போது எடாப்பிள் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. ஆனால் அடுத்த மாதமே, தாயின் உடல்நலக் குறைவால் வீடு திரும்புமாறு தந்தையிடமிருந்து அழைப்பு வந்தது. மகன் போர்முனையிலிருந்து வருவதை எவரும் எதிர்பார்க்கவில்லை. மகள் மட்டும் மருத்துவமனைப் பணியை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. ஆண்களின் கடமைக்கும் பெண்களின் கடமைக்கும் சமூகம் வைத்திருந்த இருவேறு அளவுகோல்களை வேரா பிற்காலத்தில் இதைக் கொண்டு விளக்கினார்.

1918 ஜூன் 15-ம் தேதி, இத்தாலியின் ஆசியாகோ பீடபூமியில் ஆஸ்திரியப் படையின் தாக்குதலை எதிர்கொண்டபோது எட்வர்டும் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 22. போர் முடிய ஐந்து மாதங்களே இருந்தன.

வெற்றிக் கொண்டாட்டத்துக்குப் பிறகு

1918 நவம்பர் 11-ம் தேதி போர் நின்றபோது, லண்டன் தெருக்கள் மகிழ்ச்சியில் மிதந்தன. மில்பேங்க் ராணுவ மருத்துவமனையில் பணியிலிருந்த வேராவுக்கோ, உடன் கொண்டாட அவர் தலைமுறையில் நெருக்கமானவர் எவரும் எஞ்சியிருக்கவில்லை.

அடுத்த மாதம் நடந்த பொதுத்தேர்தலில் அவரால் வாக்களிக்கவும் முடியவில்லை. அந்த ஆண்டு நிறைவேறிய சட்டம் 30 வயதைக் கடந்த பெண்களுக்கே, அதுவும் நிபந்தனைகளுடன், வாக்குரிமை அளித்தது. மூன்றாண்டுகளுக்கும் மேல் ராணுவ மருத்துவமனைகளில் உழைத்த வேராவுக்கு அப்போது வயது 24. ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெண்களுக்குக் கிடைக்க 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1919-ல் சோமர்வில் கல்லூரிக்குத் திரும்பிய அவர், இலக்கியத்தை விட்டு வரலாற்றுப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தார். இத்தனை பேரழிவு ஏன் நேர்ந்தது, மீண்டும் நேராமல் தடுக்க முடியுமா என்பதை அறிந்துகொள்ளவே இந்த மாற்றம். பெண்களுக்குப் பட்டம் வழங்க ஆக்ஸ்போர்டு இணங்கியது 1920-ல்தான். கல்லூரியில் அறிமுகமான எழுத்தாளர் வினிஃப்ரெட் ஹோல்ட்பி அவரது உயிர்த்தோழியானார். இருவரும் லண்டனில் ஒன்றாக வசித்து, இதழ்களில் எழுதியும் நாடுகளின் சங்கத்துக்கு ஆதரவாகக் கூட்டங்களில் பேசியும் வந்தனர். 1925-ல் வேரா, அரசியல் அறிஞர் ஜார்ஜ் கேட்லினை மணந்தார். பிற்காலத்தில் பிரிட்டன் அமைச்சராகப் பணியாற்றிய ஷெர்லி வில்லியம்ஸ் இவர்களின் மகள்.

17 ஆண்டுகள் காத்திருந்த நூல்

போர் அனுபவத்தை முதலில் நாவலாக எழுதவே வேரா முயன்றார். அது சரிவரவில்லை. இறுதியில் தாம் எழுதிய நாட்குறிப்புகளையும், போர்முனையிலிருந்து வந்த கடிதங்களையும் அடிப்படையாகக் கொண்டு உண்மை வரலாறாகவே எழுதினார். ரோலண்டின் மரணத்துக்கு 17 ஆண்டுகளுக்குப் பிறகு, 1933 ஆகஸ்டில், 'இளமையின் சாட்சியம்' எனப் பொருள்படும் 'டெஸ்டமென்ட் ஆஃப் யூத்' வெளியானது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது பெரும் வரவேற்பைப் பெற்றது.

அந்நூல் சொல்லாத ஒரு பகுதியும் உண்டு. எட்வர்டின் தற்பாலின ஈர்ப்பு தொடர்பான கடிதம் ஒன்று ராணுவத் தணிக்கையில் சிக்கியதும், அவர் ராணுவ விசாரணையை எதிர்நோக்கிய நிலையில் இறுதித் தாக்குதலுக்குச் சென்றதும் நூல் வெளிவந்த பிறகே வேராவுக்குத் தெரியவந்தன. அன்றைய பிரிட்டனில் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வேராவின் மறைவுக்குப் பிறகு வாழ்க்கை வரலாற்றாசிரியர்களே இதை வெளிப்படுத்தினர்.

இரண்டாம் உலகப் போரில் தனித்த குரல்

நாடுகளின் சங்கத்தின் மீதான நம்பிக்கை தளர்ந்த நிலையில், வேரா 1937-ல் 'அமைதி உறுதிமொழிச் சங்கம்' என்ற போர் எதிர்ப்பு அமைப்பில் இணைந்தார். இரண்டு ஆண்டுகளில் மீண்டும் போர் மூண்டது. இம்முறை எதிரில் நின்றது ஹிட்லரின் நாஜி அரசு. போரை எதிர்ப்பதே நாட்டுக்குத் துரோகம் எனக் கருதப்பட்ட சூழலில் அவரது நூல் விற்பனை சரிந்தது. வெளிநாடு செல்லவும் அரசு அனுமதி மறுத்தது. 1940-ல் அமெரிக்காவுக்கு அனுப்பிவைக்கப்பட்ட பிள்ளைகள் இருவரையும் சில ஆண்டுகள் பிரிந்திருக்க நேர்ந்தது.

ஆயினும் அவர் லண்டனில் தங்கி, குண்டுவீச்சுக் காலத்தில் தீத்தடுப்புக் கண்காணிப்பில் ஈடுபட்டார். 'அமைதி விரும்பிகளுக்கு மடல்' என்ற செய்திமடலைத் தொடர்ந்து வெளியிட்டார். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் பசியால் வாடிய ஐரோப்பியக் குழந்தைகளுக்கு உணவு செல்ல வழிவிட வேண்டும் என்று பரப்புரை செய்தார்.

அவர் எடுத்த மிகக் கடினமான நிலைப்பாடு 1944-ல் வெளிப்பட்டது. ஜெர்மனியின் குடியிருப்புப் பகுதிகள் மீது நேச நாட்டு விமானங்கள் நடத்திய தொடர் குண்டுவீச்சைக் கண்டித்து 'சீட் ஆஃப் கேயாஸ்' என்ற சிறுநூலை வெளியிட்டார். அமெரிக்காவில் இதற்குப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் இதழ் ஒன்றில் கடுமையாக மறுப்பு எழுதினார். போரை ஏற்றுக்கொண்டு, அதன் கொடூரமான முறைகளை மட்டும் எதிர்ப்பதில் பொருளில்லை என்பது ஆர்வெலின் வாதம். போரைத் தடுக்க முடியாவிட்டாலும், பொதுமக்களைக் குறிவைப்பதற்கு எல்லை வகுக்க வேண்டும் என்பது வேராவின் பதில். போர்க்காலத்தில் குடிமக்களின் பாதுகாப்பு பற்றிய இந்த விவாதம் இன்றும் முடிந்துவிடவில்லை.

அவரை நாஜி ஆதரவாளர் என்று இகழ்ந்தவர்களுக்கு 1945-ல் ஓர் ஆவணம் விடையளித்தது. பிரிட்டனைக் கைப்பற்றினால் உடனடியாகப் பிடிக்க வேண்டியவர்கள் என நாஜிகள் தயாரித்திருந்த சுமார் 2,800 பேர் கொண்ட பட்டியலில் வேராவின் பெயரும் இடம்பெற்றிருந்தது.

இந்தியாவுடனான தொடர்பு

உலகின் அமைதி ஆர்வலர்கள் காந்தியடிகளைச் சந்தித்து உரையாடும் வகையில் இந்தியாவில் ஒரு மாநாடு நடத்தத் திட்டமிடப்பட்டிருந்தது. 1948 ஜனவரி 30-ம் தேதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டதால் அது தள்ளிப்போனது. இறுதியில் 1949 டிசம்பரில், தாகூரின் சாந்திநிகேதனிலும் காந்தியடிகளின் சேவாகிராமத்திலும் உலக அமைதி ஆர்வலர் மாநாடு நடைபெற்றது. 30-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த பிரதிநிதிகளில் வேராவும் ஒருவர்.

அந்தப் பயணத்தின் அடிப்படையில் அவர் எழுதிய 'சர்ச் ஆஃப்டர் சன்ரைஸ்' 1951-ல் வெளியானது. 1946-ல் அமைச்சரவைத் தூதுக்குழுவில் இடம்பெற்று இந்தியா வந்த பெதிக்-லாரன்ஸின் வாழ்க்கை வரலாற்றை 1963-லும், ஐ.நா. பொதுச்சபையின் முதல் பெண் தலைவரான விஜயலட்சுமி பண்டிட் பற்றிய நூலை 1965-லும் வெளியிட்டார்.

இறுதி விருப்பம்

வேரா பிரிட்டைன் 1970-ம் ஆண்டு மார்ச் 29-ம் தேதி தமது 76-வது வயதில் லண்டனில் காலமானார். அப்போது அவரது புகழ்பெற்ற நூல் பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தது. 1978-ல் மறுபதிப்பு வெளிவந்து, 1979-ல் பி.பி.சி. அதைத் தொடராக ஒளிபரப்பிய பிறகு புதிய தலைமுறை அதைப் படிக்கத் தொடங்கியது. 2014-ல் அது திரைப்படமாகவும் வந்தது. அவரது நாட்குறிப்புகளும் கடிதங்களும் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

தமது அஸ்தியைத் தம்பியின் கல்லறையில் தூவ வேண்டும் என்பது அவரது இறுதி விருப்பம். அதன்படி அதே ஆண்டு செப்டம்பரில், இத்தாலியின் ஆசியாகோ பீடபூமியில் பைன் மரங்கள் சூழ்ந்த கிரானெட்ஸா ராணுவக் கல்லறைத் தோட்டத்தில், 52 ஆண்டுகளாக எட்வர்ட் உறங்கும் மண்ணில் அது தூவப்பட்டது.